ஏளா, விடு

ஸ்வீடனுக்கு வந்து கால்பந்து கிளப்பில் சேர்ந்த முதல் நாள், உடை மாற்றும் அறையில் யாரோ "ஏளா" என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். கூப்பிட்டது என்னை இல்லை, டிஃபென்ஸில் என் பக்கத்தில் ஆடப்போகிறவளை. அவள் பெயர் எல்லா. எழுத்தில் இரண்டும் வேறுதான், ஆனால் கத்திக் கூப்பிடும்போது காதில் ஒன்றாகத்தான் விழுகிறது. தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் பெண்களை உரிமையோடு கூப்பிடுகிற சொல் அது. அன்று சிரித்துக்கொண்டேன். இது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியாது.

என்னை அப்படிக் கூப்பிட்டவள் ரெஜினா. திரேஸ்புரத்தில் அடுத்தடுத்த வீடு. கரையேற்றிய வள்ளங்களுக்கு நடுவே கிடைத்த மணலில் பந்தாடி, பள்ளி அணிக்கும் பிறகு மாவட்ட அணிக்கும் சேர்ந்தே போனோம். இருவரும் டிஃபென்ஸ், அவள் என் வலப்பக்கம். உயரப் பந்து வந்தால் யார் எடுப்பது என்று ஒரே கூப்பாடுதான்: "ஏளா, விடு." கேட்டவள் அப்படியே நின்றுவிட வேண்டும், கூப்பிட்டவள் எடுப்பாள். ஒருநாளும் பிசகியதில்லை, மாநில அணித் தேர்வு ஆட்டம் வரைக்கும். அன்றும் நான்தான் கூப்பிட்டேன். ரெஜினா நின்றாள். நான் எம்பினேன், பந்து என் தலைக்கு மேலே போய்விட்டது. பின்னாலிருந்த எதிரணிக்காரி கோல் போட்டாள். தேர்வாளர் நேரே ரெஜினாவிடம் வந்தார். "பந்து வருது, செலை மாதிரி நின்னா எப்படிம்மா?" ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். வாயில் கொழுக்கட்டை.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் என் பெயர் மட்டும் இருந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள். அங்கிருந்து எனக்குச் சென்னையில் கல்லூரி, இந்திய இளையோர் அணியின் முகாம், வெளிநாட்டு ஆட்டங்கள், இப்போது இந்தக் குளிர். ரெஜினாவுக்கு மறு வருஷமே கல்யாணம். விடிந்தால் மீன் ஏலத்துக்குப் போகிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், என்னென்னவோ பேசுவேன். அதை மட்டும் பேசமாட்டேன்.

போன மாதம் ஓர் ஆட்டத்தில் அதே மாதிரி உயரமாக ஒரு பந்து வந்தது. இங்கே 'விடு' என்பதற்கு 'ஸ்லெப்' என்று கத்த வேண்டும், எனக்கு நன்றாகத் தெரியும். வாயில் வந்தது "ஏளா, விடு!" தன் பெயரைக் கேட்டவள் பாவம், நிற்கவா செய்வாள்? ஓடிவந்தாள். இருவர் தலையும் மோதின, பந்து தானாக உருண்டு உள்ளே போனது. நெற்றியில் ஐஸை அழுத்திக்கொண்டு பயிற்சியாளரிடம் எல்லா சொன்னாள், "இவள் கூப்பிட்டாள், நான்தான் பிந்திவிட்டேன்." நான் இடைமறித்தேன். "இல்லை. அவளை விடச் சொன்னேன். தப்பு என்னுடையது." எந்த மொழியில் சொன்னாய் என்று பயிற்சியாளர் கேட்டார். என் ஊர் மொழியில் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் அழுதேன். தலை வலிக்கிறது போல என்று எனக்கும் ஐஸ் கொண்டுவந்தார்கள். அன்று ரெஜினா மேல் விழவிட்ட பழியை இத்தனை வருஷம் கழித்து, ஒன்றும் அறியாத ஒருத்திக்கு முன்னால் ஏற்றுக்கொண்டேனே என்று வெட்கமாக இருந்தது.

அறைக்கு வந்ததும் ரெஜினாவைக் கூப்பிட்டேன். குசினியில் நின்றாள், மீன் பொரிகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு செலக்‌ஷன்ல நான்தாம்ளா விடுன்னு சொன்னேன்."

"தெரியும். எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

"பெறவு ஏன் அவர்ட்ட நீ சொல்லல?"

மீனைத் திருப்பிப் போட்டாள்.

"நீ சொல்லுவன்னு நின்னேன்."

பிறகு அவளே சொன்னாள், "சரி, விடுளா. மீனு கரியுது."

மன்னித்துச் சொன்னாளா, போனை வைக்கச் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் மறக்காமல் 'ஸ்லெப்' என்றுதான் கத்துகிறேன். எல்லாவும் சரியாக விட்டுவிடுகிறாள். ஆனால் மைதானத்தில் யாராவது அவள் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புகிறோம். அவள் பந்து வரும் பக்கம் பார்க்கிறாள். நான் என் வலப்பக்கம், ரெஜினா நிற்கிற இடத்தைப் பார்க்கிறேன்.