மணி அடித்தால் நன்றி வணக்கம்

பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கியவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. மேடையை விட்டு இறங்கவே தெரியாது. எனக்கு அது கொஞ்சம் முற்றியிருந்தது.

எண்பதுகளில் நடந்த கதை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புத்தகக் கம்பெனி, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல் போடுகிறவர்கள். அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்த, அதாவது புரூப் பார்க்க, ஆள் வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். வேலை கிடைத்தால் பேனா, மேசை, ஃபேன் காற்று. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலையில் கிள்ளானில் எங்கள் சந்து முனைக்கு வரும் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி சுங்கை வேயில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். அப்பா சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார். அக்கா அந்தப் பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் கம்பி ஒட்டி, அவளுக்குக் கண்ணெரிச்சல் தீரவே இல்லை. இன்டர்வியூ அன்று தன் நல்ல சேலையை எனக்குக் கட்டிவிட்டு, கொசுவத்தில் ஊசி குத்தும்போது, "நீயாச்சும் அதுல ஏறாதடி" என்றாள்.

"சரிக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். அதே சிக்கனம் இன்டர்வியூவிலும் இருந்திருக்கலாம்!

உள்ளே முதலாளியும், புரூப் அறையைக் கவனித்துக்கொள்ளும் ஓர் அம்மாளும் இருந்தார்கள்.

"உட்காரும்மா. உன்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லு" என்றார் முதலாளி.

கொஞ்சம் என்றுதான் சொன்னார் மனுஷன். நான் உட்காரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! நடுநிலை தவறா நீதிமான்களே! மணிக்காப்பாளர் அவர்களே!" என்று எடுத்தேன். நீதிமான் யாரென்று அந்த அம்மாள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறந்தது கிள்ளான், வளர்த்தது தமிழ் என்று ஏற்ற இறக்கத்தோடு போய்க்கொண்டிருந்தேன். கை தானாக மேலே எழுந்த நேரம், மேசையிலிருந்த டெலிபோன் கிணுகிணுவென்று அடித்தது.

போட்டியில் மணி அடித்தால் என்ன செய்வோம்? முடித்துக்கொள்வோம். பழக்கதோஷம் யாரை விட்டது! "என்று கூறி விடைபெறுகிறேன், நன்றி வணக்கம்!" கும்பிட்டேன், திரும்பினேன், மாடிப்படி இறங்கி ரோட்டுக்கே வந்துவிட்டேன். பூக்கடை வாசலில் நின்று, ஏன் யாரும் கைதட்டவில்லை என்று வேறு யோசிக்கிறேன். அட மூதேவி! அவர்கள் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே!

பஸ் ஸ்டாப் எதிரிலேயே இருந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு எங்கே ஓடுவது? ஊசி வேறு இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறினேன்.

கதவைத் தள்ளினால், அடுத்த ஆள் பேசிக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான இளைஞர், "நீதிமான்களே" என்று முழங்குகிறார்! முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "காலையிலேருந்து இதேதான் லா" என்றார் அந்த அம்மாள் என்னைப் பார்த்து.

இளைஞர் போனதும் அந்த அம்மாளே என்னிடம் கேட்டார்: "புரூப் ரூம்ல நாள் முழுக்க வாயைத் திறக்காம உக்காந்து படிக்கணும். உன்னால முடியுமாம்மா?"

வாயைத் திறந்துவிட்டேன். மூன்று நிமிஷம் ஓடக்கூடிய பதில் ஒன்று நாக்கு நுனியில் தயாராக நின்றது. அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். முதலாளி அப்போதுதான் சிரித்தார்.

"திங்கக்கிழமை வந்துடு."

திங்கட்கிழமை, கோலாலம்பூர் பஸ்ஸுக்காகச் சந்து முனையில் நின்றேன். முதலில் ஃபேக்டரி பஸ்தான் வந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் என்னைப் பார்த்து, "நீயும் வர்றேன்னு சொன்னாங்களே, ஏறலயா?" என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் ஜன்னலிலிருந்து அக்கா கத்தினாள்.

"அவ வரமாட்டா அண்ணே! பஸ்ஸை எடுங்க!"

சந்தே திரும்பிப் பார்த்தது. என் கோப்பை எதற்கும் நான் அப்படிக் குரல் எடுத்ததில்லை. எங்கள் வீட்டில் நல்ல பேச்சாளி அவள்தான். அவளைத்தான் யாரும் போட்டிக்கு அனுப்பவில்லை.