கரிசலில் சாய்ந்த கம்பங்கள்

எங்கள் ஊருக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையத்தில் புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதித்தார்கள். ஓய்வுபெற்ற லைன்மேனான நானும் போய் நின்றேன். வீட்டில் என் மனைவி மூச்சுவிடுவதே ஆக்சிஜன் மெஷினில்தான்.

கம்ப்யூட்டர் ஒன்று மின்பாதைபோல நடித்துப் பழுதுகளை அனுப்பியது. முப்பத்திரண்டு எண்ணினேன். ஒவ்வொரு முறையும் பெட்டி கரண்டைத் துண்டித்து உடனே திரும்பக் கொடுத்தது.

"இன்னும் சந்தேகமா அண்ணாச்சி?" என்று சிரித்தார் பொறியாளரம்மா.

"உங்க கம்ப்யூட்டர்ல கம்பமெல்லாம் நேரா நிக்குதும்மா. நம்ம கரிசல்ல சாஞ்சுல்லா நிக்குது. ஆடிக்காத்துல தொய்ஞ்ச கம்பி ஒருதரம் உரசினா ஒன்பது செகண்டுல மறுபடி உரசும். அதைப் போடுங்க."

போட்டார். முதல் உரசலில் போன கரண்ட் வந்தது. இரண்டாவதில் போனது வரவே இல்லை. இருநூறு வரை எண்ணினேன்.

"திருத்திட்டுத்தான் மாட்டுவோம் அண்ணாச்சி," என்றார், சிரிக்காமல்.

"அன்னைக்கும் வாரேன்," என்றேன்.