வேதசிரோமணியின் பதினேழு அன்னங்கள்

எங்கள் டிராயிங் மாஸ்டர் வேதசிரோமணிக்கு, எண்பத்திரண்டாம் வருஷம் மனைவி இறந்த பிறகு, சனிக்கிழமை என்றால் ஒரே வேலைதான். தாம்பரத்தில் பஸ் ஏறி, பல்லாவரத்தில் மாறி, குன்றத்தூர் தாண்டி ஏரிக்கரையிலுள்ள பழைய கோயிலுக்குப் போய்விடுவார். ஊர்க்காரர்கள் அங்கே முனீஸ்வரன் என்று கும்பிட்டது, கண்மூடி உட்கார்ந்திருக்கும் புத்தரை. புத்தரையாவது யாராவது எட்டிப் பார்த்தார்கள். இவர் பார்த்தது கீழே. முழங்கால் உயர அடித்தளக் கல்லில், எண்ணெயும் புழுதியும் அப்பி, பதினேழு அன்னங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருவதைப் பார்க்குமாம்.

“ஒரு தடவை வந்து பாருங்க சார். தனியா பாத்தா பாத்த மாதிரியே இல்ல” என்று ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவார். நான் கணக்கு வாத்தியார். வாரத்துக்கு ஒரு பொய் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போகும். எனக்கு எரிச்சல் வரும். கல்லுக்கு என்ன, காலா முளைத்திருக்கிறது, ஓடிப்போக?

எண்பத்தெட்டு ஆடியில் மனசு கேட்காமல், இரண்டு வாரம் முன்பே வாக்குக் கொடுத்துவிட்டுக் கூடப் போனேன். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. தேய்ந்த கோடுகள் எனக்குத் தெரியவேண்டும் என்று, போன வாரமே சாக்பீஸைப் பொடித்து அன்னங்களின் பள்ளங்களில் அழுத்தித் தேய்த்துவிட்டு வந்தாராம்.

போய் நின்றால் அன்னங்களே இல்லை. அடித்தளம் முழுக்கப் புது சிமென்ட் பூச்சு.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முனியம்மா ஓடிவந்தாள். “எவனோ வெள்ளையா பட்சிங்கள வரைஞ்சு செய்வினை வெச்சுட்டு பூட்டான் சார்! தண்ணி ஊத்திக் கழுவினாலும் போவல. ஊரே பயந்துகினு, நேத்துதான் பூசி மூடினாங்கோ.”

வேதசிரோமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்த வெள்ளைய நான்தாம்மா பூசினேன். அது வெறும் சாக்பீஸ். பட்சி யாரும் வரையல, கல்லுலயே இருந்தது. இந்த சாருக்குக் காட்டலாம்னு…” என்று அழுதுவிட்டார்.

அவள் சிமென்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அடிக்க ஆள் கூப்பிடுவாள் என்றுதான் நான் பயந்தேன்.

“ஆறு வருசமா வர்ற. நானும் தெனம் இங்கதான் கீறேன்” என்றாள். “என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் கூட குந்திகினு பாத்திருப்பேனே சார்.”