மாடியிலிருந்து தெரிந்த ஆறு

சம்பளத்துக்கும் மனசுக்கும் உள்ள தகராறுதான் என் ஆராய்ச்சி. ஆற்றங்கரையிலிருந்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட பெண்கள், பக்கத்திலேயே அதே சம்பளத்துக்கு வேலை இருந்தும், ஏன் இரண்டு பஸ் மாறி அபிராமபுரத்துக்கே வீட்டுவேலைக்கு வருகிறார்கள் என்று கேட்டுத் திரிந்தேன்.

"இன்னும் எவ்வளவு சேத்துக் குடுத்தா உங்க வீட்டுப் பக்கத்துலயே வேலை பாப்பீங்க?" இதுதான் என் படிவத்தின் முக்கியக் கேள்வி. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஓர் அக்கா சிரித்துவிட்டார். "நான் வேலை செய்ற வூட்டு மாடில துணி காயப் போடச்சொல்ல ஆறு தெரியும்மா. எங்க வூடு இருந்த எடம் தெரியும். அதுக்கு இன்னா வெல போடுவ?"

எனக்கு எரிச்சல். தொகை சொல்லாதவர்களுக்குப் படிவத்தில் ஒரே கட்டம்தான்: 'பதில் இல்லை'. அதில் டிக் அடித்தேன். கட்டுரையைப் பாராட்டினார்கள்.

என் அம்மா இறந்தபின், ராஜா அண்ணாமலைபுரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அசோக் நகருக்கு வந்தேன். கீழேயே காய்கறிக் கடை இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் பழைய தெருவுக்குப் போய்த்தான் கத்தரிக்காய் வாங்குகிறேன். எங்கள் பழைய வீட்டில் அம்மா எப்போதும் நின்ற பால்கனியில் இப்போது யாருடைய புடவையோ காய்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

"நம்ம கடைல இல்லாதது அங்க இன்னா கீது?" என்று கீழ்க்கடைக்காரர் நேற்று என் பையைப் பார்த்துக் கேட்டார்.

"அங்க காய் நல்லா இருக்கும்" என்றேன்.

அந்த அக்காவாவது கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்.