நிறுத்தக் கூடாத பாட்டு

எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்காக நான் சண்டைக்குப் போன கதை இது. சண்டை எனக்குப் புதிதில்லை. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் தமிழ்ச் சனம் பாதிக்கு என் வாயைத் தெரியும், மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லித் தெரியும்.

பெரிய வெள்ளியன்று பாடும் ஒப்பாரியை அதற்கு முந்திய புதன்கிழமை கூடிப் பாடிப் பழகுவது எங்கள் மன்னார்ப் பெண்களின் வழக்கம். சிலுவையடியில் மாதா மகனைப் பார்த்து அழும் பாட்டு அது. அந்த வருடம் பாதர் மண்டபத்தை நாள் முழுவதும் பிலிப்பைன்ஸ்காரருக்குக் கொடுத்துவிட்டார். மற்றப் பெண்கள் "பரவாயில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் தனியாகவே கிளம்பினேன்.

வாசலிலேயே எங்கள் தெருவில் இருக்கும் பிலிப்பைன்ஸ்கார நர்ஸ் ஒருத்தி என்னை மறித்தாள். பூசையில் எப்போதும் எனக்குப் பின்வரிசை வாங்கில் இருப்பவள். உள்ளே ஏசு பட்ட பாடுகளைச் செய்யுளாகப் பாடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். விடிந்ததும் தொடங்கியதாம். தொடங்கினால் கடைசி வரி வரை நிறுத்தக் கூடாதாம். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடிக்க வேண்டும். இந்த முறை அது அவளுடைய நேர்த்திக்கடன். ஊரில் தாய்க்கு வயிற்றில் ஆபரேஷன், அதே நாளில், அதே நேரத்தில்.

நேர்த்தி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வாய் தானாக மூடிக்கொண்டது.

உள்ளே கூட்டிப்போனாள். சிலுவைக்கு முன்னால் மெழுகுதிரி, பூ. இரண்டு பக்கமாக இருந்து மாறி மாறிப் பாடினார்கள். பக்கத்து மேசையில் வாழையிலையில் சுற்றிய அரிசிப் பலகாரம், நூடுல்ஸ், தேநீர். பாட வந்தவரை வயிறு நிறைய வைத்து அனுப்புவது நேர்த்தி வைத்தவரின் கடமையாம். "சாப்பிடுங்கள்" என்றாள். வேண்டாம் என்றேன். சண்டைக்கு வந்த இடத்தில் கை நனைக்கலாமா? அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஸ்பெயின்காரர் அந்தத் தீவுகளை முந்நூறு வருடத்துக்கு மேல் ஆண்டார்கள். வாளும் சிலுவையுமாகக் கப்பலில் வந்தவர்களை நான் மெச்சப் போவதில்லை. மன்னாரில் போர்த்துக்கேயரின் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அந்தத் தீவுச் சனத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. தங்கள் வீரர்களின் கதைகளை நீட்டிப் பாடிய சனம், குருமார் கொண்டுவந்த கதையையும் அப்படியே இழுத்துப் பாடித் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஆட்சி போனது, பாட்டு போகவில்லை. நாங்களும் அதைத்தானே செய்தோம்? மேசைக்கு அவர்களும் மேசா என்கிறார்கள், காலில் போடும் சப்பாத்துக்கு சப்பாத்தோஸ். பக்கத்துப் பக்கத்து நாட்டுக் கடலோடிகள் விட்டுப்போன மிச்சங்கள். லண்டனில் ஒரு மண்டபத்தில் இருந்து இதைக் கேட்கக் கிடைத்ததே என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை.

காலையில் பாடியவர்கள் ஒவ்வொருவராக ஷிப்டுக்குப் போனார்கள். பின்னேரக் கூட்டம் வழியில் ரயில் நின்று மாட்டிக்கொண்டது. கடைசியில் அந்த நர்ஸும் வயதான ஒரு அம்மாவும்தான் மிச்சம். அந்த அம்மாவின் தொண்டை கட்டி, வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் நிற்கும் அண்ணன். பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

பாட்டில் மரியா, மரியா என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. தாய் மகனைச் சிலுவையோடு காணும் இடம். எந்த மொழியில் பாடினாலும் அந்த இடம் தெரியும். எழுந்து எங்கள் ஒப்பாரியை எடுத்தேன். அவள் போனோடு ஜன்னலுக்கு ஓடினாள்.

ஆபரேஷன் கதையை நான் போனில் சொல்லக் கேட்டு, என்னைக் கூட்டிப்போக வந்த என் மனுசன் பின்னால் வந்து காதுக்குள் சீறினார்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? தாய் ஆபரேஷனில கிடக்கேக்க ஒப்பாரி வைக்கிறீர்?"

பெரிய வெள்ளிக்கு வெளியே ஒப்பாரி என்றால் எங்களுக்குச் செத்த வீடுதான். நிறுத்தினால் அவள் நேர்த்தி உடையும். தொடர்ந்தால் உயிரோடு இருக்கும் தாய்க்கு நானே அபசகுனம். பயத்தில் எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பாடினேன். அவளும் ஜன்னலோரம் அழுதுகொண்டு போனை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள். முடிந்தது, தாய் போய்விட்டார், நான்தான் பாடி அனுப்பிவிட்டேன் என்றே நினைத்தேன்.

சுடுதண்ணீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்த அந்த அம்மா விட்ட வரியைப் பிடித்தார். நான் நாற்காலியில் விழுந்தேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா கண் விழித்துவிட்டார். பாட்டு நின்றுவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாராம். அதனால்தான் போனை நீட்டினேன்."

"அது உங்கள் பாட்டில்லையே. என்ன சொன்னார்?"

"யார் பாடுவது என்று கேட்டார். எங்கள் தெருக்காரி, ஸ்ரீலங்கன் என்றேன்."

அடுத்ததைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"'இவ்வளவு அழுகிறாளே, அவளுக்குச் சாப்பாடு கொடுத்தாயா' என்று கேட்டார். நீங்கள் வேண்டாம் என்றதை எப்படிச் சொல்வேன்?"

நான் எழுந்து மேசைக்குப் போனேன். ஒரு பலகாரத்தை எடுத்து வாழையிலையைப் பிரித்தேன்.

"அம்மாவுக்குச் சொல்," என்றேன், "கை நனைத்துவிட்டாள் என்று."