பயோடேட்டாவில் நீந்தியவன்

ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஒரு டிக். இதற்குப் போய் ஏ.சி. அறையில் ஒரு மனிதனுக்கு வேர்க்குமா? எனக்கு வேர்த்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. தி.நகரில், பாண்டி பஜார் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு டிராவல் ஆபீஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் நிவேதா என்ற பெண். இருபத்தைந்து வயதிருக்கும். இந்தப் பக்கம் நானும் என் மனைவி கோமதியும். நடுவில் இரண்டு படிவங்கள்.

அந்தமான் டூர். கேட்டமரான் படகில் ஏறி, பவளப்பாறை இருக்கும் இடத்துக்குப் போய், ஸ்நார்க்கெலிங் செய்ய வேண்டும். அதாவது, முகத்தில் கண்ணாடியை மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, கடலில் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பது. அது முடிந்ததும் அதே படகில் காற்றுக்குப் பாய் விரித்து, சூரிய அஸ்தமனம் பார்த்தபடியே கரைக்குத் திரும்புவது.

படிவத்தில் ஏழாவது கேள்வி — நீந்தத் தெரியுமா?

கோமதி தன் படிவத்தில் 'இல்லை' என்று டிக் போட்டாள். பிறகு என் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 'ஆம்' என்று டிக் போட்டாள்.

எனக்கு நீந்தத் தெரியாது.

இதை இங்கே எழுதுவதற்கே கை கூசுகிறது. இந்தப் பத்திரிகையில் என் பத்தியை ரொம்ப வருடமாகப் படிக்கும் சிலருக்கு, நான் சின்ன வயதில் பம்ப்செட் கிணற்றில் குதித்து நீந்திய கதை நினைவிருக்கலாம். குதித்தது என் சித்தப்பா மகன். நான் மேலே உட்கார்ந்து அவன் துணிகளுக்குக் காவல் இருந்தேன். மன்னிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பொய் அந்தக் கட்டுரையில் ஆரம்பித்ததல்ல. என் கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்தது. என் மாமா எனக்கு வரன் பார்க்க பயோடேட்டா தயாரித்தார். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'படிப்பது, எழுதுவது' என்று நான் சொன்னேன். "அதைப் போட்டா வேலைவெட்டி இல்லாதவன்னு நினைப்பாங்கடா" என்று சொல்லிவிட்டு, அவராக 'நீச்சல்' என்று எழுதிக்கொண்டார். மயிலாப்பூரில் பெண் பார்க்கப் போனோம். கோமதியின் அப்பா காகிதத்தைப் படித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமாமே என்றார். அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த பெண் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் 'இல்லை சார், அது எங்க மாமா எழுதினது' என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? தலையை ஆட்டினேன். முப்பத்தொரு வருடமாகிறது. அந்தச் சனிக்கிழமைவரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு இத்தனை வருடம் மாட்டாமல் தப்பித்தது எப்படி என்று கேட்கிறீர்களா? சென்னையில் கடலுக்குப் போகிறவர்கள் யார் நீந்துகிறார்கள்? காலை நனைத்துவிட்டு பஜ்ஜி சாப்பிடத்தானே போகிறோம்!

கோமதி சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். ஏப்ரலில் ரிடையர் ஆனாள். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பவளப்பாறை பாடம் எடுத்தவள். கலர் சாக்பீஸில் அவள் போர்டில் வரையும் பாறையைப் பார்க்க அடுத்த வகுப்பு டீச்சர்கள் வருவார்களாம். நிஜப் பாறையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சூரியன் கடலில் இறங்குவதையும் பார்த்ததில்லை. நம் ஊர்க் கடலில் உதயம்தான். அஸ்தமனம் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அபார்ட்மெண்ட்களுக்குப் பின்னால் தேட வேண்டும். 'இந்த ரெண்டையும் பார்த்துடணும்' என்று ரிடையர் ஆன அன்றே சொல்லிவிட்டாள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

நிவேதா மூன்று டூர்களின் விவரத்தை அனுப்பிவைத்தாள். முதலாவது, அடியில் கண்ணாடி பதித்த படகு. தண்ணீரில் இறங்கவே வேண்டாம். இரண்டாவது பெரிய கேட்டமரான். ஐம்பது பேர், டி.ஜே., மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பலாம். மூன்றாவது சின்னது. பன்னிரண்டு பேர்தான். பாட்டு கிடையாது. பாறை நன்றாக இருக்கும் இடத்துக்கு, தொலைவாகப் போவார்கள்.

நான் கண்ணாடிப் படகுக்கு ஓட்டு கேட்டு நாலு நாள் பிரசாரம் செய்தேன். முழங்கால் வலி, சைனஸ், உப்புத்தண்ணீர் கண்ணுக்கு ஆகாது... ஒன்றும் எடுபடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு டி.வி.யில் பார்க்கலாமே என்றாள். டி.ஜே. படகு பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவதுதான் என்று முடிவாகிவிட்டது.

அந்த வாரம் மீன் வாங்கப் போனபோதும் இதே பேச்சு. எங்களுக்கு வழக்கமாக மீன் தரும் மேரி, சாந்தோம் குப்பத்துக்காரர். கேட்டமரான் என்று கோமதி விளக்கியதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கட்டுமரத்துல போவறதுக்கு அந்தமான் வரைக்கும் போவணுமா டீச்சர்? இத்தோ, நம்மாண்டயே கீதே" என்றார். அப்புறம் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாரு நீஞ்சுவாரா?"

"பிரமாதமா நீஞ்சுவார்" என்றாள் கோமதி.

"மெய்யாலுமா சார்?"

பொழுது விடிந்தால் கடலைப் பார்க்கும் ஜனங்கள். அவர்கள் கண்ணிலிருந்து தப்ப முடியுமா? நான் பையை நீட்டி, வெயில் ஏறுகிறது, சீக்கிரம் கொடுங்கள் என்றேன்.

லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுவார்கள், அது தூக்கிப் பிடித்துக்கொள்ளும், எப்படியாவது சமாளித்துவிடலாம் — இந்த ஒரே நம்பிக்கையில்தான் டிராவல் ஆபீஸ் படியேறினேன்.

நிவேதா இரண்டு படிவங்களையும் வாங்கிப் பார்த்தாள். அந்தத் தேதிக்கு இரண்டே இடம்தான் பாக்கி, பெங்களூரிலிருந்து வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பதினொன்றுக்குள் அனுப்பியாக வேண்டும் என்றாள். பிறகு விதிமுறையைப் படித்துக் காட்டினாள். படகில் கைடு இரண்டு பேர்தான். அதனால் நீச்சல் தெரியாதவர் ஒவ்வொருவருக்கும் அவர் குடும்பத்திலேயே நீச்சல் தெரிந்த ஒருவர் ஜோடி. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து அவர் பதறினால், ஜோடிதான் அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கி, படகுவரை இழுத்து வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் கையை விடக் கூடாது. கீழே ஜோடியின் கையெழுத்து.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்குப் பத்து நிமிடம். கோமதி நடுக்கடலில் என் கழுத்தைக் கட்டிக்கொள்வதும், இரண்டு பேரும் சேர்ந்து... மேலே நினைக்க முடியவில்லை. ஆனால் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் பொய்யாகிவிடும். கையெழுத்துப் போடத்தான் எடுத்தேன்.

"ஆன்ட்டி, உங்களுக்கு பயமில்லையா?" என்று நிவேதா சும்மா கேட்டாள்.

கோமதி சிரித்தாள். "இவர் பக்கத்துல இருக்கறப்ப எனக்கு என்னம்மா பயம்?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"கோமதி... எனக்கு நீச்சல் தெரியாது."

நிவேதா ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். கோமதி சிரிக்கவில்லை. கேட்டாள்: "எப்போலேருந்து?"

பிறந்ததிலிருந்தே என்றேன். மாமா எழுதிய கதையையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் வேறெங்கோ போயிருந்தாள். என்னைத் தாண்டி எதையோ கணக்குப் போடுவது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெசன்ட் நகர் பீச்" என்றாள். "பூரணிக்கு அஞ்சு வயசு. அவளை உங்ககிட்ட விட்டுட்டு நான் பஜ்ஜி வாங்கப் போனேன்."

பூரணி எங்கள் ஒரே மகள். இப்போது புனேயில் வேலை.

"நீச்சல் தெரிஞ்சவர் கையிலதானே இருக்கான்னு நான் திரும்பிக்கூடப் பார்க்கலைங்க." "அன்னைக்கு அவளோட ஒரு செருப்பு காணாமப் போச்சே... அது எப்படிப் போச்சு?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. மணலில் கழற்றி வைத்ததை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தேன்.

நடந்தது அதுவல்ல. குழந்தை கேட்டாள் என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே போனேன். ஒரு அலை காலை வாரிவிட்டது. இரண்டு பேரும் தண்ணீருக்குள் போய்விட்டோம். கையில் அகப்பட்டது அவளுடைய கால். இழுத்தபோது செருப்பு மட்டும் கையோடு வந்தது. அதை விட்டுவிட்டு மறுபடி துழாவினேன். கவுன் கிடைத்தது. இரண்டு விநாடியோ மூன்று விநாடியோதான். எழுந்து நின்றபோது தண்ணீர் என் இடுப்புக்கு மேலே இல்லை. பூரணி இருமிவிட்டுச் சிரித்தாள். நான் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு நின்றேன். கோமதி பஜ்ஜிப் பொட்டலத்தோடு திரும்பி வருவதற்குள் நடுக்கத்தை அடக்கிக்கொண்டேன்.

இதை அந்த டிராவல் ஆபீஸில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். இதற்கு முன்பு யாரிடமும் சொன்னதில்லை.

கோமதி இரண்டு படிவங்களையும் எடுத்து மடித்துத் தன் ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தை பெங்களூர்க்காரர்களுக்கே கொடுத்துவிடச் சொன்னாள். நிவேதா எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் குடிக்கவில்லை.

ஆட்டோவில் ஒரு வார்த்தை கிடையாது. வீட்டிலும் கிடையாது. மூன்று நாள். சாப்பாடு வரும், காபி வரும், பேச்சு வராது. திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. ஒரு மத்தியானம் ஹாலைக் கடக்கும்போது, அவள் பூரணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சும்மாதாண்டி கூப்பிட்டேன். உன் குரலைக் கேக்கணும்னு தோணிச்சு" என்றாள். நான் அப்படியே திரும்பி பால்கனிக்குப் போய்விட்டேன்.

நாம் சொன்ன பொய் நமக்கு மறந்துபோய்விடுகிறது. அதை நம்பியவர் என்ன செய்கிறார்? அதன்மேல் வீட்டைக் கட்டி, குழந்தை குட்டியோடு குடியிருக்கிறார். ஒருநாள் அஸ்திவாரமே இல்லை என்று போய்ச் சொன்னால், இனிமேல் இடிந்துவிடுமோ என்று அவர் பயப்படுவதில்லை. இத்தனை நாள் இடியாமல் இருந்ததை நினைத்துத்தான் நடுங்குகிறார்.

நாலாவது நாள் காலை, காபியோடு ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து வைத்தாள். அடையாறில் ஒரு நீச்சல் குளத்தின் ரசீது. ஏழு மணி பேட்ச். இரண்டு பேருக்கும்.

"பிப்ரவரியில அதே டூர்தான். அந்தச் சின்னப் படகுதான்" என்றாள். "ஏழாவது கேள்விக்கு இந்தத் தடவை கோச் டிக் போடுவார்."

இன்றோடு பத்தொன்பது நாள். கோமதி மிதக்கிறாள். நேற்று குளத்தின் பாதி அகலத்தைக் கடந்துவிட்டாள். என்னோடு பேசுகிறாள், பழைய மாதிரி இல்லை. அந்த இரண்டு படிவங்களும் இன்னும் அவள் ஹேண்ட்பேகில்தான் இருக்கின்றன. நான் மூன்றரை அடி ஆழத்தில், சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே காலை உதைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோச்சுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இந்த வயசுல எதுக்கு சார் நீச்சல் கத்துக்கறீங்க என்று நேற்று கேட்டார்.

"பொண்ணு பார்க்கப் போன இடத்துல, தெரியும்னு சொல்லிட்டேன் தம்பி" என்றேன்.