முப்பதாம் நோன்புக்கு ஒரு துணி

சொன்ன நாளில் துணி கொடுத்த தையல்காரனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? "நாளைக்கு வா" என்பான். அந்த நாளை வருவதற்குள் பையன் வளர்ந்து சட்டை பற்றாமல் போய்விடும். ராயபுரம் ரயிலடிக்குப் பின்னால் கடை வைத்திருந்த ஹபீபுல்லா மட்டும் இதற்கு விலக்கு. ஒண்டி ஆள், ஒரே மெஷின். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

கடைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். வந்த துணி வந்த வரிசையில் தொங்கும். தலைகீழாக நின்றாலும் வரிசை மாறாது. கண் தெளிவாக இருக்கும் காலை வேளையில் வெட்டுவார். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொள்வார். மத்தியானம் மெஷின். வெயில் தாழ்ந்ததும் வாசலில் உட்கார்ந்து காஜா, பட்டன். ஆணி நிறைந்துவிட்டால் பிறகு வருகிறவர்கள் திரும்பிப் போகவேண்டியதுதான்.

ஒருமுறை ஹார்பரில் கிரேன் ஓட்டும் சௌக்கத் அலி சண்டைக்கே வந்துவிட்டார். "இன்னா பாய், செவுரு பாதி காலியா கீது. இன்னொரு ஆணி அடிச்சா கொறஞ்சா பூடுவ?"

"ஆணி அடிச்சிர்லாம் நைனா. தைக்கிறது யாரு?" என்றார் ஹபீபுல்லா.

கிறிஸ்துமஸ் அவருக்குத் தொந்தரவு தராத பண்டிகை. காலண்டரில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். நோன்புப் பெருநாள் அப்படியா? இருபத்தொன்பதாம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. ஹபீபுல்லா எப்போதும் இருபத்தொன்பதை நம்பித்தான் வேலை எடுப்பார். அன்று மாலைக்குள் ஊரார் துணி முழுவதும் கைமாறிவிடும். பிறை தெரியாமல் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால், அந்த நாள் சொந்த வீட்டுத் துணிக்கு.

நல்ல ஏற்பாடுதான். பிறைதான் ஒத்துழைக்கவில்லை. மூன்று வருஷம் தொடர்ந்து இருபத்தொன்பதிலேயே வந்து நின்றது.

தெருவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிறை தேடும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரயில்வே யார்டுக்கு மேலே மேற்கே பார்ப்பார்கள். ஹபீபுல்லாவின் மகள் மலிகா மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பாள். "நான் பாக்கலன்னா அது வராது" என்பாள். அது பாட்டுக்கு வந்துவிடும். மறுநாள் அடிமடிப்பைப் பிரித்து நீளமாக்கிய பழைய பாவாடையோடு அந்தப் பெண் தெருவில் நிற்கும்போது எனக்கு மனசு பொறுக்காது. சுற்றி நிற்கிற பிள்ளைகள் போட்டிருப்பதில் பாதி அவளுடைய அத்தா தைத்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம். துணிக்குக் கண்ட்ரோல்; கார்டைக் காட்டி வரிசையில் நின்றால்தான் கிடைக்கும். நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கையில் ஹபீபுல்லாவின் மனைவி சாபிரா கடைக்கு வந்தாள். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. நடுவில் ஒரு கதவுதான். அந்தக் கதவைத் திறக்காமல், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தெருவைச் சுற்றி வந்து, முன்னால் நின்ற இருவர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு பூப்போட்ட சீட்டித் துணியையும் மலிகாவின் பழைய சட்டையையும் மேஜைமேல் வைத்தாள். துணியின்மேல் கூலியையும் வைத்தாள்.

"இன்னா இது? என் வூட்டுத் துணிக்கு எனக்கே கூலியா?"

"கூலி குடுக்காதவங்க துணிக்கு இங்க ஆணி இல்லீங்களே" என்றாள் சாபிரா.

ஹபீபுல்லா நாலு குண்டூசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார். துணியை எடுத்து, அடுத்து காலியாயிருந்த ஆணியில் மாட்டினார். கூலியையும் எடுத்து டப்பாவில் போட்டார். அதுதான் ஹபீபுல்லா. அந்த ஆணிக்காக யாரோ ஒருவர் திரும்பிப் போயிருப்பார்.

மலிகாவின் பாவாடை சட்டை, முறை வந்த அன்று தைத்து முடிந்தது. இருபத்தொன்பதாம் நோன்பு மாலை அவள் முதல்தடவையாகக் கண்ணை அகலத் திறந்துகொண்டு பிறை தேடினாள். ஆகாயம் முழுக்க மேகம். தெருவில் ஒருவர் கண்ணிலும் பிறை படவில்லை. நாளைக்கே போட்டுக்கொள்ளலாம் என்று புதுப் பாவாடையை எடுத்து வைத்திருந்தவள் அழுதே விட்டாள்.

மறுநாள் முப்பதாம் நோன்பு. மூன்று வருஷமாக வராத நாள். ஹபீபுல்லா வழக்கம்போல் கடையைத் திறந்தார். ஆணிகளில் ஒன்றும் இல்லை. மெஷினைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், கத்தரியைத் தீட்டினார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. எழுந்து நடுக்கதவைத் திறந்தார். சாபிரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாபிரா, உன் துணிய எடுத்தா. இன்னைக்கி பூரா கை காலியாத்தான் கீது. மத்தியானத்துக்குள்ள ரவிக்கை தச்சிக் குடுத்துர்றேன்."

"எனக்கு வாங்கலீங்க."

"ஏன், கார்டுல பாக்கி இல்லியா?"

"இருந்துச்சி." அவள் முறத்தைத் தட்டினாள். கோபமெல்லாம் இல்லை அவளுக்கு. "முப்பதாம் நோன்ப நம்பித் துணி வாங்குறத நான் எப்பவோ உட்டுட்டேன்."

ஹபீபுல்லா கடைக்குத் திரும்பிப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மத்தியானம் யாரோ பட்டன் அறுந்த சட்டையோடு வந்தார்கள். தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை.